பேத்வா நதிக்கரையில் காமிராவும் கையுமாக

(நமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் வண்டியில் நம்மில் ஜான்சியைக் கடவாதவர் எவருமிலர். ஆயினும் நள்ளிரவுக்குப் பின் அந்நிலையம் வருங்கால் நாம் உறங்கிக் கிடப்போம். விழித்திருப்பவரும் தேநீர் அருந்துவதோடு நின்றுவிடுவர். அங்கிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், வடமொழி நூல்கள் வேத்ரவதி என்று போற்றும் பேத்வா நதியின் கரையில், ஓர்ச்சா என்னும் சிற்றூர் இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்தின் படப்பிடிப்பு 2021-இல் அங்கும் நடந்தது. ஆகவே, சோழர் அரண்மனை என்று நாம் கண்டு மகிழ்ந்தவற்றுள் புந்தேல மன்னர்களின் மாளிகையும் கலந்திருந்தது!

1531-இல் ருத்ர பிரதாபர் நிறுவிய இந்நகரை விட்டு, 1783-இல் தலைநகரம் டீக்கம்கருக்கு மாற்றப்பட்டது. ஊருக்கு அது இழப்பே. ஆனால், படம் எடுப்போர்க்கு அதுவே பேறாயிற்று. பழைய மாளிகைகளை இடித்துப் புதியன கட்டுவோர் இல்லாது போயினர்.

காலையில் முதலிற் செல்லவேண்டிய இடம் ஜஹாங்கீர் மஹால். இளவரசராயிருந்த ஜஹாங்கீரின் பொருட்டு 1602-இல் அபுல் ஃபஸலைக் கொன்றவர் வீர்சிங் தேவர். நண்பர் அரியணை ஏறியதும் இவருக்கும் ஓர்ச்சாவின் அரசுரிமை கிட்டியது. அந்த நட்பின் சின்னமே இம்மாளிகை. கல் யானைகள் காக்கும் அதன் தலைவாயில் கிழக்கு நோக்கியது. ஆதலின் இளவெயிலில் நீலப் பச்சை ஓடுகளின் எச்சங்கள் ஒளிர்கின்றன. உச்சி வெயிலிலோ எல்லாம் வெளிறிப்போகும். அந்நேரத்தில் உள்ளே சென்று, கற்சாளரங்களின் துளைகள் தரையில் இடும் கோலத்தைப் படம் பிடிக்கலாம். மாலையில் மேல்மாடத்தினின்று மேற்கே நோக்கினால் சதுர்புஜர் ஆலயத்தின் கோபுரங்கள் கருநிழலாய் எழும்.

அவ்வாலயம் இராமபிரானுக்கென்றே எழுப்பப்பட்டது. அரசி அயோத்தியிலிருந்து கொணர்ந்த திருவுருவம், முதலில் வைத்த அரண்மனையை விட்டுப் பெயர மறுத்ததால் அவ்வரண்மனையே இராமராஜா கோயிலாயிற்று என்பர். இராமன் அங்கே அரசர். காவலர் அணிவகுப்பு மரியாதை உண்டு. சந்நிதியில் காமிராவுக்கு இடமில்லை. நல்லதே, சிறிது நேரம் கண்ணாலும் காண்போம்.

மேட்டின்மேல் இருக்கும் இலக்ஷ்மி நாராயணர் ஆலயத்துச் சுவரோவியங்களில் தெய்வங்களோடு ஆங்கிலச் சிப்பாய்களும் நிற்கின்றனர். அங்கே மின்னொளி வேண்டா. வண்ணத்துக்கு அது கேடு.

இனி நதிக்கு வருவோம். மறைந்த மன்னர்களின் நினைவு மண்டபங்களைச் சத்ரி என்பர். காஞ்சன் படித்துறையருகே அவை வரிசையாக நிற்கின்றன. பலரும் அவற்றின் காலடியில் நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து, பாதிக் கோபுரத்தையும் முழு மாமியாரையும் படத்தில் அடக்கி வருகின்றனர். வேண்டியது அதுவன்று. பழைய தாழ்ந்த பாலத்தைக் கடந்து எதிர்க்கரைப் பாறைகளில், கதிரவன் சாய ஒரு மணி நேரம் முன்னரே, அமருங்கள். குளிர்காலத்தில் நீர் தெளிந்து அசையாதிருக்கும். சூரியன் சத்ரிகளுக்குப் பின்னே இறங்கும். கோபுரங்கள் மேலும் கீழுமாக இரட்டிக்கும். கைபேசியாயினும் வானத்தின் ஒளியை அளவாகக் கொள்ளுங்கள்; கட்டடம் கருத்தால் கவலை இல்லை. சூரியன் மறைந்ததும் கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் இன்னும் இருபது நிமிடம் இருங்கள். செம்மை நீலமாக மாறும் அந்நேரத்துப் படமே படம்.

ஒரு எச்சரிக்கை. அப்பாலம் குறுகியது, கைப்பிடிச்சுவர் அற்றது. மழைக்காலத்தில் மூழ்குவதும் உண்டு. காமிராவைக் கண்ணில் வைத்தபடி பின்னடி வைக்காதீர்கள்.

எதிர்க்கரையை நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அச்சத்ரிகளின் மாடங்களில் பாறுக்கழுகுகள் கூடு கட்டுகின்றன. கால்நடைகளுக்குத் தந்த டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, அவற்றின் பிணத்தைத் தின்ற இப்பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களில் தொடங்கிய அவ்வழிவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மாண்டன. 2006-இல் தான் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடை செய்யப்பட்டது. எஞ்சியவற்றுள் சில, மன்னர்களின் நினைவிடத்தில் குடியிருக்கின்றன.

முதன்முறை சென்றபோது, திறந்திருந்த ஒரு படிக்கட்டின் வழியே நான் மேலேறினேன். தாய்ப்பறவை பறந்துபோயிற்று. கூட்டில் ஒரே குஞ்சு. படம் எடுத்தேன், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அரைமணி நேரம் நின்றேன். கடும் வெயில். நான் இறங்கும்வரை தாய் திரும்பவில்லை. அப்படம் துல்லியமாகவே விழுந்திருக்கிறது. இன்றுவரை அதை எவருக்கும் காட்டியதில்லை. இங்கு மாட்டியுள்ள படங்களிலும் அது இல்லை. இங்குள்ளவை அனைத்தும் எதிர்க்கரையினின்று எடுத்தவை.

சங்கத்தின் அடுத்த உல்லாசப் பயணத்தை மார்கழியில் ஓர்ச்சாவுக்கு வைக்கலாமென்று செயலாளரிடம் விண்ணப்பித்திருக்கிறேன். வர விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்கலாம். போர்வையும் முக்காலியும் மறவாதீர்கள்.