பத்து மணிப் பூ

காலையில் வெயில் ஏறினால்தான் கண் திறக்கும் பூ ஒன்று உண்டு. பத்து மணிப் பூ என்போம். நர்சரியில் கேட்டால் டேபிள் ரோஸ் என்பார்கள். பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே பக்கத்துச் செடி. நம் பருப்புக்கீரைக்குப் பங்காளி.

தண்டிலும் இலையிலும் நீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு தரையோடு படரும். விரல் நீளத்துக்கு ஒரு தண்டைக் கிள்ளி, மணல் கலந்த மண்ணில் செருகினாலே போதும், வேர் பிடித்துவிடும். தொட்டியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். இந்தச் செடி வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். அன்பு மிகுந்தவர்கள் கவனிக்க!

உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும். நிழலில் வைத்தால் தண்டு நீளும், மொட்டு விரியாது. மழை மேகம் மூடிய நாளிலும் அப்படித்தான்.

விரிந்த பூவின் நடுவே உள்ள மகரந்தத் தாள்களைத் துரும்பால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தொட்ட பக்கமாகவே அவை சாயும். தேனீ வந்தால் அதன் மேல் மகரந்தம் ஒட்ட இது வசதி.

ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுள். மதியத்துக்கு மேல் சுருங்கிவிடும். ஆகவே, பார்ப்பதென்றால் உச்சிவெயிலுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.