எலப்புள்ளி தந்த இசைச்செல்வம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சற்று முன் நாம் அனைவரும் எழுந்து நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினோம். அதனை யாத்தவர் யார், மெட்டமைத்தவர் யார் என்று கேட்டால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் விடை பகர்வார்கள்? யாத்தவர் மனோன்மணீயம் சுந்தரனார். அவர் 1855-ஆம் ஆண்டு ஆலப்புழையிலே பிறந்தவர். திருவனந்தபுரத்திலே பேராசிரியராய் விளங்கியவர். 1970-இல் தமிழக அரசு அப்பாடலை அரசு விழாக்களுக்குரிய வாழ்த்தாக ஏற்றபொழுது, மோகன இராகத்திலே அதற்கு மெட்டமைத்தவர் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன். அவர் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியிலே பிறந்தவர். தமிழை வாழ்த்தும் பாட்டின் சொல்லையும் இசையையும் நமக்கு அளித்த இருவரும் இக்கேரள மண்ணிலே பிறந்தவர்கள்! ஆகவே, அவருள் இசைவாணரின் வரலாற்றைச் சிறிது கூற விழைகிறோம்.

1928-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் அவர் பிறந்தார். வீட்டு மொழி மலையாளம். நான்கு வயதிலே தந்தையை இழந்தார். கண்ணூரிலே பாட்டனார் நிழலில் வளர்ந்தார். நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். சினிமாக் கொட்டகையிலே தின்பண்டம் விற்றதும் உண்டு. நடிகராகவும் பாடகராகவும் வேண்டும் என்ற ஆசையோடு சென்றவருக்கு ஜூபிடர் நிறுவனத்திலே கிடைத்ததோ எடுபிடி வேலை! ஆயினும் ஆர்மோனியத்தை அவர் விடவில்லை. எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடமும் சி.ஆர். சுப்பராமனிடமும் உடனிருந்து தொழில் கற்றார்.

1952-இல் சுப்பராமன் இளமையிலேயே மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணியை விசுவநாதனும் வயலின் வித்தகர் டி.கே. இராமமூர்த்தியும் சேர்ந்து முடித்தார்கள். அவ்வாண்டு வெளிவந்த ‘பணம்’ தொடங்கி 1965-இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரையில் அவ்விரட்டையர் இணைந்து இசை வழங்கினர். நம் இராகங்களின் மேலே பியானோவையும் அக்கார்டியனையும் இசைவாகச் சேர்த்தனர். 1964-இல் வெளிவந்த ‘கர்ண’னுக்கு ஷெனாய் முதலிய வடநாட்டு வாத்தியங்களை வரவழைத்தனர். பிரிந்த பின்னரும் விசுவநாதன் பல்லாண்டுகள் தனித்து நின்று இசையமைத்தார்.

குடும்பங்களுக்கு அவர் செய்த தொண்டு பெரிது. 1961 என்னும் ஒரே ஆண்டிலே ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’, ‘பாவ மன்னிப்பு’ ஆகிய மூன்றும் வந்தன. மூன்றிலும் கவிஞர் கண்ணதாசனின் சொல்லுக்கு இரட்டையரின் இசை. உடன்பிறந்தார் பாசம், கணவன் மனைவியர் அன்பு, சமய ஒற்றுமை ஆகியவை பாட்டாகி வீட்டுக்குள் வந்தன. இலங்கை வானொலி அவற்றை இம்மலைச் சரிவின் லயங்களுக்கும் கொண்டு சேர்த்தது. ‘பாசமலர்’த் தாலாட்டைப் பாடித் தொட்டிலாட்டாத தாயார் இங்கே எத்தனை பேர் இருப்பீர்கள்?

அவர் தாமே பாடிய பாடல்களும் உண்டு. வழவழப்பில்லாத குரல், ஆனால் உச்சத்தில் எழும்பொழுது நெஞ்சை உலுக்கும் குரல். 1973-இல் வந்த ‘பணி தீராத்த வீடு’ என்னும் மலையாளப் படத்திலே பாடி மலையாளிகளை உருக்கினார். 2002-இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்திலே, ஈழத்தமிழர் ஊரைவிட்டுப் பெயரும் காட்சிக்கு ஏ.ஆர். ரகுமான் இசையில் பாடினார். அப்பொழுது அவர் எழுபதைக் கடந்தவர். பிறந்த ஊரைப் பிரிந்து பிழைக்க வந்த குடும்பங்களாகிய நமக்கு அக்குரலின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

2012-இல் தமிழக அரசு இரட்டையர் இருவருக்கும் ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ என்னும் பட்டம் அளித்தது. பத்ம விருது எதுவும் விசுவநாதனுக்கு அளிக்கப்படாதது நமக்கு வருத்தமே. 2015 ஜூலை 14-ஆம் நாள் சென்னையிலே அவர் மறைந்தார்.

அன்பர்களே! 1956-இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபொழுது நம் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு இருந்தன. அன்றுமுதல், “நாம் அயலாரோ?” என்னும் ஐயம் நம்மிற் சிலரை விட்டபாடில்லை. மலையாளத்தை வீட்டு மொழியாகக் கொண்ட ஒருவர் தமிழர் வீடுகளுக்கெல்லாம் பாட்டளித்தார். தமிழகம் அவரை மன்னர் என்றது. அவ்வாறிருக்க, இம்மண்ணில் நாம் ஏன் அயலாராய் ஒதுங்கி நிற்க வேண்டும்? மலையாளத்தை நன்கு கற்போம். அண்டை வீட்டாரோடு உறவாய் வாழ்வோம்.

அதே வேளையில் தமிழையும் கைவிடலாகாது. மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுகிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறார்கள். வாரத்துக்கு ஒரு பாட்டை வீட்டாரெல்லாம் கூடிப் பாடுங்கள். அதனைப் பிள்ளைகள் கையால் தமிழில் எழுதச் செய்யுங்கள். செலவு ஒரு நோட்டுப் புத்தகந்தான். அடுத்த ஆண்டு விழாவில் அந்நோட்டுகளை இம்மேடையிலே வைத்துப் பரிசளிப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!