சைக்கிளுக்கு ஏற்ற மழைக்கோட்டு
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஐப்பசி பிறந்துவிட்டது. தினமும் காலையில் நம் கேட்டைத் தாண்டிச் சைக்கிளில் பள்ளிக்கும் டியூஷனுக்கும் போகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்கினேன்.

வேலையில் இருந்தபோது கரந்தையிலிருந்து வங்கிக்குச் சைக்கிளில்தான் போவேன். ஒரு கார்த்திகை மழையில், முழங்காலுக்குக் கீழே தொங்கிய மழைக்கோட்டின் ஓரம் செயினில் சிக்கி, வடவாற்றுப் பாலத்தருகே விழுந்தேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் இன்று உங்கள் முன் நிற்கிறேன். கோட்டில் குறையில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. நடப்பவருக்கான கோட்டைச் சைக்கிளில் போட்டதுதான் என் தவறு.

நம் வயல்களில் உரச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளிக் கொங்காணி போட்டுக்கொண்டு வேலை செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். குனிந்தவருக்கு முதுகுதான் நனையும். சாக்கு தலையையும் முதுகையும் மூடுகிறது, கைகளை விட்டுவிடுகிறது. வேலைக்கு ஏற்ற உடை. சைக்கிளுக்கும் அதே கணக்குத்தான்.

வாங்கும்போது இவற்றைப் பாருங்கள். கோட்டு இடுப்பளவு, பேண்ட் தனி. முதுகுப்பக்கம் சற்று இறங்கியிருக்கலாம். ஆனால் சக்கரத்தைத் தொடக்கூடாது. பேண்ட் கணுக்காலில் இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ரப்பர் பேண்ட் போதும். தொப்பி தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பக்கத்தில் வரும் வண்டி தெரியாது. உள்பக்கம் தையல்மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். தண்ணீர் முதலில் இறங்குவது ஊசித் துளை வழியாகத்தான். நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ இருக்கட்டும். கறுப்பு வேண்டாம்.

1823-இல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மெக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்துக் காப்புரிமை பெற்றார். மழை நின்றது, வியர்வை உள்ளே தங்கியது. அந்தத் தொல்லை இன்றைய பிளாஸ்டிக் கோட்டிலும் உண்டு. அக்குளில் காற்றுத் துளை உள்ளதாக வாங்குங்கள்.

பராமரிப்பு எளிது. வந்தவுடன் உதறி, நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். சேற்றைப் பச்சைத்தண்ணீரில் மெல்லிய துணியால் துடையுங்கள். பிளாஸ்டிக் கோட்டுக்கு வாஷிங் மெஷினும் இஸ்திரியும் ஆகாது.

செயலாளருக்கு ஒரு வேண்டுகோள்: சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு கொடி கட்டிக் கொடுங்கள். லிஃப்டில் தண்ணீர் சொட்டுகிறது என்ற புகாரும் தீரும்.

பெற்றோருக்கு ஒன்று: இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கோட்டோடு சைக்கிளில் உட்காரவைத்து, ஓரம் செயினைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால், அன்றே வெட்டித் தைத்துவிடுங்கள்.