கரிநெருப்பு இரண்டு முறை



இந்தச் சொற்பொழிவுக்கு ‘அருள்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு ‘கிருபை’ என்று சொன்னால்தான் காதில் ஏறும். பாலக்கரை சகாய மாதா கோயில் பக்கம் அருள், லுத்தரன் சபைப் பக்கம் கிருபை. திருச்சியில் இரண்டும் புழங்கும். எந்தச் சொல்லானாலும், உழைத்துச் சம்பாதிக்க முடியாதது என்பதுதான் பொருள். குடியை விட்டு மறுபடி குடித்துவிட்டவரிடம் மட்டும் நாம் அதைச் சம்பளமாக்கி, வேலைக்கு வராத நாளுக்குப் பிடித்தம் செய்கிறோம். என் குறை இவ்வளவுதான்.

மன்னார்புரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குடியை விட்ட நாளிலிருந்து, காலண்டரில் கிழித்த தினத்தாளை எறியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வந்தார். 214 தாள் சேர்ந்தது. அப்புறம் ஒரு சாவு வீடு. “ஒரு கட்டிங்தானே மாமா” என்றது யாரென்று அவருக்கே நினைவில்லை. மறுநாள் காலையில் டின்னைக் குப்பைக்கூடையில் கவிழ்த்துவிட்டார். அந்த ஞாயிறு பூசைக்கும் போகவில்லை. “எந்த மூஞ்சியோட போறது?” என்றார் என்னிடம்.

அவரிடம் ஒரு சீன வைத்தியரின் கதையைச் சொன்னேன். மாற்கு ஜி தியான்சியாங், ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்த கத்தோலிக்கர். வயிற்று நோவுக்கு அபினை மருந்தாகச் சாப்பிட ஆரம்பித்தார். அது அவரைப் பிடித்துக்கொண்டது. பாவசங்கீர்த்தனத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னதால், இவருக்கு மனந்திரும்புதலே இல்லை என்று குருவானவர் முடிவுகட்டிவிட்டார். ஏறத்தாழ 30 வருஷம் நற்கருணை கிடையாது. அபினும் விடவில்லை. ஆனாலும் கோயிலுக்குப் போவதை மனிதர் நிறுத்தவில்லை! 1900-இல் கிறிஸ்தவர்களைக் குறிவைத்த பாக்சர் கலவரத்தில் குடும்பத்தோடு பிடிபட்டார். என் குடும்பத்தில் யாரும் தனியாகச் சாகக் கூடாது, என்னைக் கடைசியில் வெட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். 2000 அக்டோபர் 1 அன்று, சீன மறைசாட்சிகள் 120 பேரில் ஒருவராக, போப் இரண்டாம் ஜான் பால் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அபினை வென்றவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அந்த 30 வருஷமும் பந்திக்கு வெளியே உட்கார்ந்திருந்த பொறுமையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அப்படியானால் குடித்துக்கொண்டே இருக்கலாமா என்று கேட்பீர்கள். பேதுருவைப் பாருங்கள். யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று தலைமைக் குருவின் முற்றத்தில். அங்கே குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு தன் ஆண்டவரை மறுதலிக்கிறார். மற்றொன்று, உயிர்த்தெழுந்தவர் கடற்கரையில் மீன் சுட மூட்டியது. அந்தப் புகை நாசியில் ஏறும்போது பேதுருவுக்கு எது ஞாபகம் வந்திருக்கும்? சாப்பிட்டு முடிந்ததும் மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. மூன்றாவதில் பேதுரு துக்கப்படுகிறார். கேள்வியிலிருந்து அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் சாப்பாடு முதலில் வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பீடத்துக்கு முன் சத்தியம் செய்து அன்றைக்கே அடியோடு நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு அது. திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியலாம், உயிரே போகலாம். ஜெபம் நடக்கட்டும், ஆட்டோவும் வாசலில் நிற்கட்டும். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் அவர் பெயரிலேயே சிகிச்சை நிலையம் தொடங்கினார். குடி ஒரு நோய் என்று இங்கே பலர் கேள்விப்பட்டதே அதற்குப் பிறகுதான். சர்க்கரை ஏறிவிட்ட நோயாளியை எந்த டாக்டரும் வாசலோடு திருப்பி அனுப்புவதில்லை.

மன்னார்புரத்துக்காரர் கதை பாக்கி இருக்கிறது. அவர் கொட்டிய தாள்களை அவர் மனைவி அன்றைக்கே பொறுக்கி, தேங்காய் நார் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டு, மறுபடி டின்னில் அடுக்கி வைத்திருந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் இவர் கண்ணில் பட்டது. “எல்லாம் போச்சே, இதை எதுக்கு வெச்சிருக்க?”

“இந்த 214 நாளும் நீங்க குடிக்கலைதானே?” என்றாராம் அந்த அம்மா, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.