வரப்பிலிருந்தே படம் பிடிக்கலாம்



போட்டோ பிடிக்கிறதுக்கும் பயிர் வைக்கிறதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உங்களை முதுமலைக்குப் போய் யானையைப் படம் பிடிக்கச் சொல்லவில்லை. பூந்தமல்லி, திருமழிசை, செம்பரம்பாக்கம் பக்கத்தில் உங்கள் கழனியிலும் ஏரிக்கரையிலும் தினம் பார்க்கிற ஜீவன்களைப் பற்றியே பேச்சு. காமிரா உள்ள கைபேசி போதும்.

மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பேர் வாங்கினவர்; பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அப்பேர்ப்பட்டவர் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் காலமாகும் வரை எழுதிய பத்தியில், வீட்டோரத்துக் காக்கை, அணிலுக்கும் இடம் கொடுத்தார்.

காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கைபேசிக் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். பம்ப் செட் கொட்டகைக்குள் அசையாமல் உட்கார்ந்தால் பறவை தானே கிட்டே வரும். கை நடுங்கினால் மண்வெட்டிக் காம்பில் ஊன்றிக்கொள்ளலாம். உருவத்தை ரொம்பப் பெரிசாக்கினால் படம் கலங்கிப் போகும். வயலில் இரண்டு மூன்று கழிகளை 'டி' எழுத்து மாதிரி நட்டு வையுங்கள். கரிச்சான் அதில் உட்கார்ந்து பூச்சியைப் பிடிக்கும். உங்களுக்கும் படம் கிடைக்கும், பயிருக்கும் லாபம். பாம்பு மட்டும் வேண்டாங்க. தூரத்தில் நின்று எடுத்தால் சரி.

ஆள்காட்டிக் குருவி விஷயத்தில்தான் ரொம்ப ஜாக்கிரதை வேண்டும். அது கூடு கட்டாது. கோடையில் வெறுந்தரையில், தரிசில், கல் நட்ட வீட்டு மனையில்கூட மூன்று நான்கு முட்டை இடும். முட்டையும் மண் நிறம். நீங்கள் கிட்டே போனால் தாய் கத்திக்கொண்டு எழுந்துவிடும். அதற்குள் முட்டை வெயிலில் வெந்துவிடலாம்; காக்கையும் பார்த்துவிடும். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கிற பறவை அது. ஒரு படத்துக்காக அதன் நான்கு வாரப் பாடு வீணாகக் கூடாது. உழும்போது அந்த இடத்தை மட்டும் விட்டு உழுங்கள். பக்கத்தில் கொம்பு நடாதீர்கள், காக்கைக்கு அது உட்காரும் இடமாகிவிடும். அடையாளத்தை வரப்பில் வையுங்கள். குஞ்சு இறங்கி ஓடும்போது தூரத்திலிருந்து எடுக்கலாம்.

எடுத்த படத்தோடு தேதியையும் ஊரையும் எழுதி வையுங்கள். கைபேசியே தேதியைப் பதிந்துகொள்கிறது, வாஸ்தவம். ஆனால் வாட்ஸ்அப்பில் கை மாறினால் அந்தக் குறிப்பு போய்விடும். அம்பத்தூரில் 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. அதற்கு முன் அங்கே என்னென்ன பறவை மேய்ந்தது என்று கேட்டால் பெரியவர்கள் ஞாபகத்திலிருந்து சொல்வார்கள். படம் எத்தனை பேரிடம் இருக்கும்? இன்றைக்கு ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் கூழைக்கடா இறங்குகிறது. உங்கள் ஊர் ஏரியில் எத்தனை இறங்குகிறது? நாளைக்கு ஏரியைப் பற்றிப் பேச்சு வரும்போது, தேதி போட்ட படம் உங்களுக்காகப் பேசும்.

2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் பறவை ஆர்வலர்கள் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதினால் போதும். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்ட ஏரிக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அந்த மாசத்தில் வடக்கேயிருந்து வந்த வாத்துகளும் தண்ணீரில் இருக்கும்.