பெயர் எழுதப்படாத அன்னையர்: ஐஸ்லாந்தின் அரிய தாய்வழிக் கால்வழி ஒன்று



ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறு இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. ஒன்று ஏடு; மற்றொன்று உடல். ஏட்டில் மன்னர் பெயரும் மறவர் பெயரும் மிகுதி. அன்னையர் பெயர் குறைவு. உடலில் எழுதப்படும் வரலாற்றிலோ அன்னையின் எழுத்தை அழிக்க வல்லார் எவரும் இலர். இவ்விரு எழுத்துகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு மிகச் சில நாடுகளுக்கே உண்டு. அவற்றுள் ஒன்று வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஐஸ்லாந்து. அங்கே கண்டறியப்பட்ட அரிய தாய்வழிக் கால்வழி ஒன்றன் தோற்றமும் பரவலுமே இவ்வுரையின் பொருளாகும்.

மனித உயிரணுவின் கருவில் உள்ள மரபுப்பொருள் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருவது. அக்கருவுக்கு வெளியே, உயிரணுவுக்கு ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புக்குத் தனியாக ஒரு சிறு டி.என்.ஏ. வளையம் உண்டு. 16,569 எழுத்திணைகளும் 37 மரபணுக்களும் கொண்ட அவ்வளையம் தாயிடமிருந்து மக்களுக்குச் செல்கிறது. மகனும் அதனைப் பெறுகிறான். ஆயினும் தன் மக்களுக்கு அவன் அதனைத் தருவதில்லை. மகள் வழியே, மகளின் மகள் வழியே மட்டும் அது தொடர்கிறது.

தலைமுறைதோறும் படியெடுக்கப்படும் இவ்வளையத்தில் எப்போதேனும் ஓரெழுத்து மாறிவிடும். மாறிய எழுத்து மாறியவாறே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஒரே பாடவேறுபாட்டைத் தாங்கிய ஏடுகள் ஒரே மூலத்தின் வழிவந்தவை எனப் பதிப்பாசிரியர் பிரித்தறிவது போலவே, ஒரே மாற்றத்தைத் தாங்கிய மாந்தரை ஓர் அன்னையின் வழிவந்தோர் என அறிவியலார் பிரித்தறிகின்றனர். 1987இல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் ஆகிய மூவரும் 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, அனைத்துக் கிளைகளும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஓர் அன்னையிடம் சென்று கூடுவதாகக் காட்டினர். அதன் பின்னர் உலகத்துக் கால்வழிகள் அனைத்தும் எழுத்தும் எண்ணுமாகப் பெயரிடப்பட்டன.

ஐஸ்லாந்தில் மக்கள் நிலையாகக் குடியேறியது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். நார்வேயிலிருந்து கடலோடிகள் வந்தனர் என்பது நூல்கள் கூறும் செய்தி. தந்தைவழி மரபணுக்களை ஆராய்ந்தபோது அச்செய்தி பெரிதும் உறுதிப்பட்டது. தாய்வழியை ஆராய்ந்தபோதோ வேறொரு வரலாறு வெளிப்பட்டது. குடியேறிய பெண்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பிரித்தானியத் தீவுகளைச் சேர்ந்தோர் என அக்னர் ஹெல்கசன் குழுவினர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மதிப்பிட்டனர். அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் அப்பெண்களுள் பலர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர். தந்தையர் வந்த வழி வேறு. தாயர் வந்த வழி வேறு.

இவ்விரு பெருங்கிளைகளிலும் அடங்காத ஒரு கால்வழி ஐஸ்லாந்தில் உண்டு. சி1 என்னும் பெயருடைய அது அமெரிக்கப் பழங்குடியினரிடத்தும் ஆசியாவின் சில பகுதிகளிலும் காணப்படுவது. அமெரிக்கக் கண்டங்களில் 14,000 ஆண்டுகளுக்கு முன்னர்க் குடியேறியோர் கொண்டுசென்ற ஒரு சில கால்வழிகளுள் ஒன்று. அண்மைக் காலத்தில் எவரோ ஒருவர் வழியாக அது தீவுக்கு வந்திருக்கும் என்றே முதலில் கருதினர். அக்கருத்தை மாற்றியது ஏடு.

1703இல் ஐஸ்லாந்தில் மக்கள் அனைவரையும் பெயர் சுட்டிப் பதிந்த கணக்கெடுப்பு நிகழ்ந்தது. அன்று அத்தீவின் மக்கள் ஏறத்தாழ 50,000 பேர். அதனையும் தேவாலயப் பதிவேடுகளையும் பிற வழிமுறைக் குறிப்புகளையும் இணைத்து டிகோட் நிறுவனம் உருவாக்கிய தரவுத்தொகுப்பைக் கொண்டு, சி1 கால்வழி உடையோரின் தாய், தாயின் தாய் எனப் பின்னோக்கிச் சென்றனர். சிக்ரிதுர் எபெனெசெர்ஸ்தோத்திரும் அவர்தம் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அனைவரும் நான்கு தாய்வழிகளுள் அடங்குவர் என்று காட்டியது. அவ்வன்னையர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியினர். எனவே இக்கால்வழி 1700க்கு முன்னரே தீவை அடைந்திருத்தல் வேண்டும். பல நூற்றாண்டுகள் முன்னரே அடைந்திருத்தலும் கூடும்.

இங்கே கற்பனை சிறகு விரிப்பது இயல்பு. கொலம்பஸுக்கு ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்னரே வைக்கிங் கடலோடிகள் வட அமெரிக்காவை அடைந்தனர் என்பது மெய்ம்மை. 1960இல் ஹெல்கே இங்ஸ்டாட், ஆன் ஸ்டீன் இங்ஸ்டாட் இணையர் நியூஃபவுண்ட்லாந்தின் லான்ஸ் ஓ மெடோஸ் என்னுமிடத்தில் அவர்தம் குடியிருப்பைக் கண்டறிந்தனர். அங்குக் கிடைத்த மரத்துண்டுகள் 1021ஆம் ஆண்டில் இரும்புக் கருவியால் வெட்டப்பட்டவை என்று 2021இல் வெளியான ஆய்வு நிறுவியது. அவ்வாறாயின், மேலைக் கடற்கரையிலிருந்து ஒரு பழங்குடிப் பெண் கப்பலேற்றப்பட்டு ஐஸ்லாந்துக்கு வந்தாள் என்று கொள்ளலாமா? செய்தித்தாள்கள் அப்போது அவ்வாறே எழுதி மகிழ்ந்தன.

ஏடு கூறுவது யாது? ஐஸ்லாந்து மொழியின் சாகா என்னும் உரைநடைக் காப்பியங்களுள் எரிக்கின் சாகா ஒன்று. மேலைப் பயணத்திலிருந்து திரும்புகையில் கார்ல்செப்னியின் கூட்டத்தார் மார்க்லாந்து என்னும் நிலத்தில் தாடியுடைய ஆண் ஒருவன், பெண்கள் இருவர், சிறுவர் இருவர் ஆக ஐவரைக் கண்டனர். சிறுவர் பிடிபட்டனர், ஏனையோர் மண்ணுக்குள் மறைந்து தப்பினர். பிடித்துவரப்பட்ட சிறுவர்க்கு நார்ஸ் மொழி கற்பிக்கப்பட்டது, திருமுழுக்கும் தரப்பட்டது. தம் தாயின் பெயர் வேத்தில்தி என்று அச்சிறுவர் கூறியதாகச் சாகா பதிந்துள்ளது. சிறுவரின் பெயரைக் கூட எழுதாத ஏடு அவர்தம் தாயின் பெயரை எழுதியிருப்பது எண்ணி வியக்கத்தக்கது. ஆயினும் அத்தாய் கப்பலேறவில்லை. பிடிபட்ட மக்களோ ஆண்மக்கள். அவர் வழியே தாய்வழி தொடர இயலாது.

அப்பயணத்தில் உடனிருந்த குத்ரித் என்பாள் மேலைநிலத்திலேயே ஸ்நோரி என்னும் மகனை ஈன்றவள். பிற்காலத்தில் ரோமாபுரிக்கு யாத்திரை சென்று திரும்பித் துறவு பூண்டவள். அவள் வழித்தோன்றல்களாக ஆயர்கள் பலரைச் சாகா பெருமையுடன் எண்ணுகிறது. ஆனால் சாகா கூறும் அவள் மக்கள் இருவரும் ஆண்களே. ஏட்டில் தழைத்த கொடி, தாய்வழியில் அவளோடு நின்றுவிட்டது. ஏடு போற்றும் அன்னையும் உடல் போற்றும் அன்னையும் ஒருவராகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

உடல் கூறுவது யாது? பதினொருவரின் வளையத்தை முழுமையாகப் படித்தபோது வியப்பான முடிவு கிட்டியது. சி1 கால்வழியில் அதுவரை அறியப்பட்ட கிளைகள் நான்கு. ஆசியாவுக்குரியது சி1ஏ, அமெரிக்காவுக்குரியவை சி1பி, சி1சி, சி1டி. ஐஸ்லாந்துக் கால்வழி இந்நான்கனுள் எதிலும் சேரவில்லை. எனவே அது சி1இ என்னும் புதுப்பெயர் பெற்றது. அமெரிக்கத் தோற்றமே மிகுதியும் இயலக்கூடியது எனினும் ஆசியத் தோற்றத்தையோ ஐரோப்பியத் தோற்றத்தையோ விலக்க முடியாது என்று ஆய்வாளர் அடக்கத்துடன் எழுதினர்.

அவ்வடக்கம் பயன் தந்தது. வடமேற்கு ரஷ்யாவில், ஒனேகா ஏரியில் உள்ள யூஷ்னி ஒலேனி தீவில் 7,500 ஆண்டுப் பழைமையுடைய இடுகாடு ஒன்று உள்ளது. அங்குப் புதைக்கப்பட்டோருள் மூவர் சி1 கால்வழியினர் என்பதும், அவர் கிளை இதுவரை அறியப்படாத சி1எஃப் என்பதும் 2014இல் வெளியான ஆய்வால் தெரிந்தன. அக்கிளைக்கு நெருங்கிய உறவினர் எவரும் இன்று வாழ்வோரிடையே கிடைக்கவில்லை. ஆயினும் ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில் வேட்டுவ மக்களிடையே சி1 வாழ்ந்திருந்தது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. அதனால் மேலைக்கடல் கடந்து வந்த பெண் என்னும் கதை தன் தனியுரிமையை இழந்தது. கீழ்த்திசையிலிருந்து ஸ்காண்டிநேவியா வழியாக வந்த அன்னை ஒருத்தியையும் இன்று எண்ண வேண்டியுள்ளது. வழக்கு முடிவுறவில்லை.

இத்தகைய கால்வழி அரிதாக நிற்பதும் தற்செயலின் விளைவே. மகளைப் பெறாத தாயோடு அவள் கால்வழி அற்றுப்போகும். 1707 முதல் 1709 வரை பெரியம்மை ஐஸ்லாந்து மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரைக் கொண்டுசென்றது. 1783இல் லாக்கி எரிமலை வெடித்து, கால்நடை மடிந்து, பஞ்சம் சூழ்ந்து, ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். அக்கொடுங்காலங்களைக் கடந்து ஒரு கால்வழி மகளிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்தது என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண்குழந்தை பசியையும் நோயையும் வென்று தாயானாள் என்பதே பொருள்.

இங்கே லக்ஸ்தேலா சாகா கூறும் மெல்கோர்க்கா என்பாளை நினைவுகூர்தல் தகும். அடிமைச் சந்தையில் மூன்று மார்க் வெள்ளிக்கு விற்கப்பட்டவள் அவள். வாய்பேசாதவள் என்று சொல்லியே விற்றனர். ஐஸ்லாந்துக்கு வந்து மகன் ஒலாஃபை ஈன்றாள். அம்மகனுக்கு இரண்டு வயதானபோது, ஓடைக்கரையில் அவனோடு அவள் பேசிக்கொண்டிருந்ததைத் தலைவன் கேட்டான். அயர்லாந்து அரசன் ஒருவனின் மகள் என்பதும், பதினைந்தாம் வயதில் போரில் சிறைபிடிக்கப்பட்டாள் என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டன. பிடித்துவந்தவரிடம் பேசாத வாய் தன் பிள்ளையிடம் பேசியது. மெல்கோர்க்கா காப்பியப் பாத்திரமாகலாம். ஆனால் அவளைப் போன்றோர் பலர் வாழ்ந்தனர் என்பதற்கு இன்றைய ஐஸ்லாந்து மக்களின் உடலே சான்று.

கவிஞர்க்கு இதில் ஓர் எச்சரிக்கையும் ஒரு கடமையும் உள. சி1இ அன்னை மேலைக்கடற்கரையினள் என்று பாடுவது இனிமை தரும். ஆனால் சான்று அவ்வளவு தூரம் வரவில்லை. அவ்வாறு வந்தவள் ஒருத்தி உண்டெனினும், அவள் விரும்பி வந்தாளோ பிணித்துக் கொண்டுவரப்பட்டாளோ என்பதை டி.என்.ஏ. கூறாது. கடத்தப்பட்டவளின் துயரைக் காதற்கதையாக்கும் பிழை நேராதிருத்தல் வேண்டும். அகத்திணை மாந்தர் பெயர் சுட்டப்பெறார் என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. பெயரின்றியே அவர் நெஞ்சம் விளங்கும். இவ்வன்னையர் பெயரின்மை அத்தகைய நெறியால் விளைந்ததன்று. எழுதுவார் இன்மையால் விளைந்தது. அவ்வேறுபாட்டை மறவாது பாடுவதே கடமை.

பதிவேட்டில் நான்கு அன்னையர் வரை பெயர் உண்டு. அதற்கு அப்பால் ஏடு மௌனம் கொள்கிறது. உடல் தொடர்ந்து பேசுகிறது. அப்பேச்சைக் கேட்கும் பொறுமையும், அது சொல்லாததைச் சொல்லியதாகக் கூறாத நேர்மையும் அறிவியலுக்கும் கவிதைக்கும் பொதுவாதல் வேண்டும்.