காசு கொடுத்து வாங்கியவனின் கேலி

பொம்மைகளை வைத்துப் பெரியவர்களுக்காக எடுக்கும் கேலிப் படங்களுக்கு ஒரு மேடையா என்று நினைப்பவர்கள் இந்த அவையிலேயே சிலர் இருக்கலாம். தேவைதான் என்பது என் கட்சி. அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க் அலைவரிசையின் பின்னிரவுப் பிரிவான 'அடல்ட் ஸ்விம்'மில், 2005 பிப்ரவரி 20 அன்று 'ரோபாட் சிக்கன்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. நடிகர் சேத் கிரீனும், பொம்மை சேகரிப்பவர்களுக்கான 'டாய்ஃபேர்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த மேத்யூ சென்ரைக்கும் சேர்ந்து உருவாக்கியது. ஒரு அத்தியாயம் பதினோரு நிமிடம்தான். அதற்குள் துண்டு துண்டாகப் பல காட்சிகள். உலகத்தைக் காக்கும் வீரர்கள் அதில் கடன்படுகிறார்கள், நோயில் விழுகிறார்கள், வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். குழந்தைப் பருவத்தின் மேல் சேறு பூசுகிறார்கள் என்று இதைத் திட்டுபவர்கள் உண்டு. அந்தக் குழந்தைப் பருவமே விலைக்கு விற்கப்பட்டது என்கிறேன் நான். வாங்கிய பிள்ளைகள் வளர்ந்து, வாங்கிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டே விற்றவருக்குப் பதில் சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு.

விற்கப்பட்டது என்று நான் சொல்வது வசையல்ல, வரலாறு. 1969-இல் 'ஹாட் வீல்ஸ்' என்ற பொம்மைக் காரின் பெயரிலேயே ஒரு தொடர் வந்தபோது, இது நிகழ்ச்சியல்ல, அரைமணி நேர விளம்பரம் என்று போட்டி நிறுவனம் புகார் கொடுத்தது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமும் அந்தப் புகாரில் நியாயம் இருப்பதாகக் கண்டது. ரீகன் ஆட்சியில் அந்தக் கடிவாளம் கழன்றது. மேட்டல் நிறுவனம் 1982-இல் 'ஹீ-மேன்' பொம்மைகளைக் கடைக்குக் கொண்டுவந்தது. 1983-இல் அவற்றுக்கென ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜப்பானின் டகாரா செய்துவந்த உருமாறும் பொம்மைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் குணமும் முன்கதையும் எழுதவைத்து, 1984-இல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' ஆக்கியது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சரக்கு, பிறகுதான் கதை. அந்தக் கதையில் பிள்ளைகள் உயிராக நேசித்த தலைவன் ஆப்டிமஸ் பிரைம். 1986-இல் வந்த திரைப்படத்தில் அவன் செத்துப்போகிறான். கதை கேட்டதா அந்தச் சாவை? இல்லை. பழைய பொம்மைகளை ஒதுக்கிவிட்டுப் புதியவற்றுக்குக் கடையில் இடம்போட வேண்டியிருந்தது. பிள்ளைகள் அழுத அழுகையில், அடுத்த ஆண்டே தொலைக்காட்சித் தொடரில் அவனுக்கு உயிர் கொடுக்க வேண்டியதாயிற்று. இதே ஆப்டிமஸ் பிரைமைத்தான் 'ரோபாட் சிக்கன்' தன் முதல் அத்தியாயத்திலேயே கையில் எடுத்தது. அங்கே அவனுக்கு வருவது புராஸ்டேட் புற்றுநோய். காலத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லும் பொதுநல அறிவிப்பின் பாணியில் காட்சி நகர்கிறது. முரட்டுச் சிரிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் எது அதிக முரடு? சரக்கை மாற்றுவதற்காக ஒருவனைக் கொன்றதா, வயதான ஆண்களுக்கு வரும் நோயை அவனுக்குக் கொடுத்ததா? அந்த இரும்பு வீரன் மனிதனைப் போலச் சாவது இந்தக் கேலியில்தான்.

இதை வரைந்து காட்டினால் போதாதா, பொம்மைதான் வேண்டுமா என்று கேட்கலாம். பொம்மைதான் வேண்டும். ஸ்டாப் மோஷன் என்பது மெனக்கெட்ட வேலை. பொம்மையை இம்மியளவு நகர்த்தி, கையை விலக்கி, ஒரு படம். மறுபடி நகர்த்தி, மறுபடி ஒரு படம். நொடிக்கு 24 பிரேம். இரண்டு பிரேமுக்கு ஒரு அசைவு என்று சிக்கனமாக எடுத்தாலும், பதினோரு நிமிடத்துக்கு எட்டாயிரத்தை நெருங்கும். பேசுகிற பாத்திரத்துக்கு ஒவ்வோர் ஒலிக்கும் வாயை மாற்றி மாற்றிப் பொருத்தவேண்டும். இத்தனை பாடுபட்ட பிறகும் தோள் மூட்டின் இணைப்பு தெரிகிறது. வீட்டுச் சண்டையில் தோற்று நிற்கும்போதும் வீரனின் மார்பு ஆலை அச்சில் வார்த்த அதே விறைப்போடு நிமிர்ந்திருக்கிறது. சிரிப்பு பிறக்கும் இடம் அதுதான். ஓவியத்தில் சூப்பர்மேன் சூப்பர்மேனாகவே இருப்பான். பொம்மையில், அவன் விலை ஒட்டி விற்கப்பட்டவன் என்பதை ஒரு கணமும் மறக்க முடியாது. இன்னொன்று, இந்தக் கலை குழந்தைகளுக்கென்றே பிறந்ததும் அல்ல. 1912-லேயே ரஷ்யப் பேரரசில் விளாதிஸ்லாவ் ஸ்டாரெவிச், செத்த பூச்சிகளின் உடலில் கம்பி பொருத்தி அசைத்து, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் செய்யும் துரோகத்தைப் படமாக்கிச் சிரிக்கவைத்தார். 1987-இல் டாட் ஹெய்ன்ஸ், உணவை வெறுக்கும் நோயில் இறந்த பாடகி கேரன் கார்ப்பென்டரின் கதையை பார்பி பொம்மைகளால் சொன்னார். பொம்மையின் முகத்தையும் கையையும் செதுக்கிச் செதுக்கியே அவர் மெலிவதைக் காட்டினார். எந்த நடிகையாலும் அதைச் செய்திருக்க முடியாது.

ஆபாசம் என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. இதில் மட்டமான காட்சிகள் ஏராளம். ரத்தம் தெறிப்பதே நகைச்சுவை என்று நினைத்து எடுத்தவையும் உண்டு. அவற்றுக்காக நான் வழக்காட வரவில்லை. பின்னிரவில், பெரியவர்களுக்கு என்று சொல்லியே போடப்படுவதைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் வைப்பது வீட்டாரின் பொறுப்பு. பொம்மை இருப்பதாலேயே அது பிள்ளைகளுக்கானது என்று முடிவுகட்டினால், பிழை பார்ப்பவருடையது.

கனமான ஆட்சேபம் வேறொன்று. இந்தக் கேலியும் ஒரு விளம்பரம்தானே, முதலாளியின் மடியில் உட்கார்ந்துகொண்டு முதலாளியைக் கிண்டலடிப்பது என்ன வீரம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 'ரோபாட் சிக்கன்' காட்சி ஒன்றில், 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் வில்லன் டார்த் வேடர், மரண நட்சத்திரம் என்ற போர் நிலையம் தகர்ந்த செய்தியைச் சொல்லத் தொலைபேசியில் கூப்பிடுகிறான், அதுவும் பேரரசரின் செலவில். திரும்பக் கட்டும் பணத்துக்கு எங்கே போவது என்று அண்டசராசரத்தின் சர்வாதிகாரி ஒரு கடைக்காரரைப் போலப் புலம்புகிறார். அந்தக் காட்சியைப் பார்த்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வழக்குப் போடவில்லை, கூப்பிட்டு ஆதரித்தது. 2007-இல் ஸ்டார் வார்ஸ் சிறப்பு நிகழ்ச்சி வந்தபோது ஜார்ஜ் லூகாஸே தன் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். லூக் ஸ்கைவாக்கராக மார்க் ஹாமில் பேசினார். 2012-இல் டி.சி. காமிக்ஸ் வீரர்களைக் கேலிசெய்த சிறப்பு நிகழ்ச்சி வந்தபோது, அலைவரிசையும் டி.சி.யும் ஒரே டைம் வார்னர் குழுமத்தைச் சேர்ந்தவை. ஆக, உரிமையாளர் சிரித்துக்கொண்டே அனுமதித்த கேலி இது. அப்படி வந்த இடங்களில் பல் கொஞ்சம் மழுங்கித்தான் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தை உடைக்கவில்லை, பலப்படுத்துகிறது. அதே கிரீனும் சென்ரைக்கும் லூகாஸுக்காக 'ஸ்டார் வார்ஸ் டிடூர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடரைச் செய்தார்கள். 39 அத்தியாயங்கள் தயாராகிவிட்டன. 2012-இல் டிஸ்னி நிறுவனம் லூகாஸ்ஃபிலிமை வாங்கியது; அடுத்த ஆண்டு தொடர் நிறுத்திவைக்கப்பட்டது. இன்றுவரை வெளியாகவில்லை. தயவில் கிடைத்த சிரிப்பின் ஆயுள் அவ்வளவுதான். எதிர்ப்புறத்தில் புகைப்படக் கலைஞர் டாம் ஃபார்சைத்தைப் பாருங்கள். நிர்வாணமான பார்பி பொம்மைகளைச் சமையலறைக் கருவிகளுக்குள் வைத்துப் படமெடுத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மேட்டல் வழக்குத் தொடுத்தது. பகடி நியாயமான பயன்பாடாக இருக்கமுடியும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-லேயே ஓர் இசைவழக்கில் சொல்லியிருந்த வழியில், 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கலைஞரின் பக்கம் நின்றது. அவருடைய வழக்குச் செலவாக 18 லட்சம் டாலருக்கு மேல் மேட்டல் கொடுக்க வேண்டும் என்றும் பிறகு உத்தரவாயிற்று. கேலிக்குத் தரை சட்டம்தான், உரிமையாளரின் நல்ல மனசு அல்ல.

அந்தத் தரை நமக்கு எவ்வளவு உறுதி என்பதையும் பார்க்கவேண்டும். 'லொள்ளு சபா' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நட்சத்திரங்களைக் கிண்டலடித்தபோது விழுந்து விழுந்து சிரித்த நாடு இது. ஆனால் நம்முடைய 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கு விலக்குக் கொடுக்கிறதே தவிர, பகடியைப் பெயர் சொல்லிக் காப்பாற்றவில்லை. பக்கத்துக் கேரளத்தில் தோப்பில் பாசியின் புகழ்பெற்ற நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரனை 1996-இல் உயர் நீதிமன்றம் காப்பாற்றியது உண்மை. அதற்கு அவர் நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்ததும் உண்மை. கனடா 2012-லும் பிரிட்டன் 2014-லும் பகடிக்கென்று வெளிப்படையாக விலக்கை எழுதிச் சேர்த்துவிட்டன. இந்த அவையில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், படமெடுக்கும் இளைஞர்கள் இருக்கிறீர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் மனுக் கொடுக்கக்கூடிய அமைப்புகளின் பொறுப்பாளர்கள் இருக்கிறீர்கள். 52ஆம் பிரிவில் பகடியையும் பெயர் சொல்லிச் சேர்க்கும்படி கேட்டு எழுதுங்கள்.